நூற்று அறுபத்தெட்டு நாள்

சென்ற கல்வியாண்டில் எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பாக்டீரியாவால் வரும் நோய்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதியபோது, வகுப்பில் எப்போதும் வாய் திறக்காத ஒரு மாணவன் எழுந்து நின்றான்.

"சார், டிபி வந்தா செத்துப் போயிருவாகளா?"

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பாடத்தில் உள்ளபடி, "சரியாக மருந்து சாப்பிட்டால் குணமாகிவிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். மதிய உணவு முடிந்து பிள்ளைகள் தட்டு கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் என்னிடம் தனியாக வந்தான். அவனுடைய அப்பா கல்குவாரியில் வேலை பார்ப்பவர். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். இருமல் நின்றுவிட்டது. அதன் பிறகு மாத்திரையைத் தொடவில்லை. "நல்லாத்தான இருக்கேன், எதுக்குங்கிறாக சார். அம்மா அழுதுக்கிட்டே இருக்கு" என்றான்.

பள்ளியில் இரண்டே இரண்டு ஆசிரியர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை அன்று அவனிடம் சொன்னேன். "எனக்கும் வந்துச்சுப்பா. கடைசி மாத்திரை வரைக்கும் தின்னேன். இந்தா, உன் முன்னாடி நிக்கிறேன்ல?"

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். அந்தப் பார்வைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. கடுமையான நோயிலிருந்து ஒருவர் மீள்வதில் நம்பிக்கைக்கும் சுயகட்டுப்பாட்டுக்கும் என்ன பங்கு இருக்கிறது? வகுப்பறையில் நிற்கும் நமக்கு அதில் என்ன வேலை இருக்கிறது? நான் அனுபவித்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்ல முயல்கிறேன்.

மனவலிமை கிருமியைக் கொல்லுமா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். நோய் வந்தவரைப் பார்க்கப் போகிற எல்லாரும் சொல்கிற வாசகம் ஒன்று உண்டு: "மனசைத் தைரியமா வச்சுக்க, எல்லாம் சரியாயிரும்." சொல்பவர் அன்போடுதான் சொல்கிறார். ஆனால் மனத்தைத் தைரியமாக வைத்துக்கொள்வதால் மட்டும் காசநோய்க் கிருமி சாகாது.

இதற்கு வரலாறே சான்று. ராபர்ட் கோச் 1882 மார்ச் 24 அன்று காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அதைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943 இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் நோயாளிகளுக்குக் கிடைத்ததெல்லாம் சானடோரியங்கள்தாம். நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு, மன மகிழ்ச்சி ஆகியவையே அங்கே மருத்துவம். கணிதமேதை ராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றபோது, காசநோய் என்று கருதி அவரை மெண்டிப் குன்றுப் பகுதியில் இருந்த ஒரு சானடோரியத்தில் சேர்த்தார்கள். அதை நடத்தியவர் சௌரிமுத்து என்ற இந்திய மருத்துவர். அவரே 1928 இல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். இன்றும் அந்தப் பெயரில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அந்தக் காலத்து நோயாளிகளுக்கு மனவலிமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் மருந்து கிடைக்காத, சளியில் கிருமி வெளிப்படும் நிலையில் இருந்த காசநோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஐந்தாண்டுக்குள் இறந்து போனார்கள்.

புற்றுநோயிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 1,093 பேரின் மனநிலையை அளந்து, அவர்கள் எத்தனை காலம் வாழ்ந்தார்கள் என்பதோடு ஒப்பிட்ட ஆய்வு 2007 இல் வெளிவந்தது. மகிழ்ச்சியாக இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று அதில் தெரியவரவில்லை.

இதைச் சொல்வது யாரையும் சோர்வடையச் செய்வதற்கு அல்ல. நோயாளியின் தலையில் நாம் ஏற்றும் தேவையற்ற பாரத்தை இறக்கி வைப்பதற்காகத்தான். "தைரியமாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார்" என்று பேசும்போது, இறந்தவரையே குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். பயந்து அழுகிற நோயாளிக்கும் மருந்து வேலை செய்யும். அழுதுகொண்டே மாத்திரையை விழுங்கினாலும் கிருமி சாகும்.

அப்படியானால் நம்பிக்கைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. அந்த வேலை எது என்று உலகத்துக்குக் காட்டியது நம் சென்னைதான்.

சென்னை காட்டிய வழி

1956 இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்த மையம் அது. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது.

அன்று நாட்டில் இருந்த சானடோரியப் படுக்கைகள் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் ஒரு மூலைக்கும் காணாது. எனவே ஒரு கேள்வி எழுந்தது. ஏழை நோயாளியை அவருடைய வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா? 193 நோயாளிகளைக் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. மறு பிரிவு தங்கள் வீட்டிலேயே இருந்தது. நெருக்கடியான குடியிருப்பு, குறைந்த சாப்பாடு, அன்றாட வேலை என எல்லாம் வழக்கம்போல் நடந்தன. மருந்து மட்டும் இரு பிரிவுக்கும் ஒன்றே. ஐசோனியசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகளை ஓராண்டு சாப்பிட வேண்டும்.

ஓராண்டு முடிவில் வீட்டில் இருந்தவர்களில் 86 விழுக்காட்டினரும், சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினரும் கிருமி அடங்கிய நிலையை எட்டினார்கள். ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது இரு பிரிவும் ஏறத்தாழ 90 விழுக்காட்டில் சமமாக நின்றன. நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959 இல் இந்த முடிவு வெளிவந்த பிறகு, உலகம் முழுவதும் சானடோரியங்கள் படிப்படியாகத் தேவையற்றுப் போயின. காசநோயாளியை ஊருக்கு வெளியே அனுப்ப வேண்டியதில்லை என்று உலகுக்குச் சொன்னது நம் மாநிலத்தின் ஆய்வு. இது நம் பாடப்புத்தகத்தில் இடம்பெறத் தகுந்த செய்தி என்பது என் எண்ணம்.

ஆனால் அந்த மையத்தில் இருந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். மருந்தைக் கையில் கொடுப்பது ஒன்று, அது வயிற்றுக்குள் போவது வேறொன்று. பாஸ் மருந்து அளவில் பெரியது, வயிற்றைப் புரட்டும். அதை ஓராண்டு முழுவதும் விழுங்க வேண்டும். நோயாளி உண்மையிலேயே சாப்பிடுகிறாரா என்று அறிய, முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள். படித்தவர் ஒழுங்காகச் சாப்பிடுவார், படிக்காதவர் விட்டுவிடுவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. யார் வேண்டுமானாலும் விடக்கூடும். அதனால் ஒருவர் பார்த்திருக்க மருந்து கொடுக்கும் முறையை 1960களில் சென்னையிலேயே சோதித்து வளர்த்தார்கள். பின்னாளில் 'டாட்ஸ்' என்ற பெயரில் உலகெங்கும் பரவிய திட்டத்தின் வேர்களில் இதுவும் ஒன்று.

நம்பிக்கையும் சுயகட்டுப்பாடும் வேலை செய்யும் இடம் இதுதான். கிருமியைக் கொல்வது மாத்திரை. அந்த மாத்திரையை இன்றைக்கும் நாளைக்கும் கடைசி நாள் வரைக்கும் வாயில் போட வைப்பது மனம்.

நன்றாக இருக்கும்போது ஏன் சாப்பிட வேண்டும்?

ரிஃபாம்பிசின் போன்ற மருந்துகள் வந்த பிறகு சிகிச்சைக் காலம் ஆறு மாதமாகக் குறைந்தது. வழக்கமான காசநோய்க்கு முதல் எட்டு வாரம் நான்கு மருந்துகள், அடுத்த பதினாறு வாரம் மூன்று மருந்துகள். மொத்தம் 168 நாள். மருந்துக்கு எதிர்ப்புத் திறன் பெற்ற காசநோய்க்கு வேறு மருந்துகள் உண்டு.

இந்த 168 நாளில் ஆபத்தானது முதல் மாதமல்ல, மூன்றாம் மாதம். வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் சில வாரங்களிலேயே பெருமளவு அழிந்துவிடும். காய்ச்சல் நிற்கும், பசி எடுக்கும், இருமல் குறையும். ஆனால் மந்தமாகக் கிடக்கும் கொஞ்சம் கிருமிகள் உள்ளே தங்கியிருக்கும். அவற்றைக் கொல்லத்தான் மீதி நான்கு மாதம்.

நம் பக்கத்து விவசாயிகளுக்கு இதைக் கோரையை வைத்துச் சொன்னால் உடனே புரியும். கோரைப்புல்லை மேலே அறுத்துவிட்டால் வயல் சுத்தமாகத்தான் தெரியும். மண்ணுக்குள் கிழங்கு கிடந்தால் பத்தே நாளில் மறுபடி தலை நீட்டும். காசநோயில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. அரைகுறையாக மருந்தைச் சந்தித்துத் தப்பிய கிருமிகளிலிருந்து, அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகக்கூடும். அப்புறம் பழைய மாத்திரை வேலை செய்யாது. அந்தக் கிருமியே வீட்டிலுள்ளவர்களுக்கும் தொற்றலாம்.

வலி இருக்கும்போது மருந்து சாப்பிடுவதற்குச் சுயகட்டுப்பாடு தேவையில்லை, வலியே சாப்பிட வைத்துவிடும். வலி போன பிறகு சாப்பிடுவதற்குத்தான் அது தேவை. தேர்வு முடிந்த மறுநாளும் புத்தகத்தைத் திறக்கும் மாணவன் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாதா?

நான் தவறவிட்ட நான்கு நாள்

என் கதைக்கு வருகிறேன். 2019 இல் எனக்கு இருமல் தொடங்கியது. சுண்ணக்கட்டித் தூசி என்று நினைத்தேன். ஒரு கிளினிக்கில் ஐந்து வாரம் இருமல் மருந்து குடித்தேன். எடை 61 கிலோவிலிருந்து 53க்கு இறங்கியது. கடைசியில் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்தபோது காசநோய் என்று தெரிந்தது.

அறிவியல் ஆசிரியரான எனக்கு அன்று அறிவியல் கைகொடுக்கவில்லை. சிறுவயதில் ஆஸ்டின்பட்டி ஆஸ்பத்திரி என்ற பெயரை என் அப்பத்தா குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். அந்தத் தாழ்ந்த குரல்தான் காதில் கேட்டது. பள்ளியில் என்ன சொல்வார்கள், பெற்றோர்கள் பிள்ளைகளை என் வகுப்பில் விடுவார்களா, என் மகளுக்குத் தொற்றியிருக்குமா என்று இரவெல்லாம் புரண்டேன். தினமும் காலையில் மாத்திரை சாப்பிட்டதும் குமட்டல் வரும், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அந்த நிறத்தைப் பற்றி முன்பே சொல்லியிருந்தார்கள். இல்லையென்றால் பயந்திருப்பேன்.

இரண்டரை மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டேன். பிறகு மனைவியின் ஊரில் ஒரு கல்யாணம். நான்கு நாள் தங்கினோம். ஒரே கூடத்தில் இருபது பேர் படுத்திருக்கும் வீட்டில், காலையில் எல்லார் முன்னாலும் அந்த அட்டையை எப்படிப் பிரிப்பது? "என்ன மாப்பிள்ளை, எதுக்கு இத்தனை மாத்திரை?" என்று மாமனார் கேட்டால் என்ன சொல்வது? பையிலிருந்து எடுக்கவே இல்லை. மறந்துபோய் விட்டதல்ல. வெட்கத்தால் விட்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் சுகாதாரப் பணியாளர் வந்தார். அட்டையைப் பார்த்து எண்ணினார். நான் ஏதோ காரணம் சொல்லத் தொடங்கினேன். அவர் திட்டவில்லை. "சார், நீங்க மட்டுமில்ல, கல்யாணம் காதுகுத்துன்னு போற எல்லாரும் இந்த எடத்துலதான் விடுறாங்க. விட்ட நாலு நாளைக் கடைசியில சேர்த்து முடிச்சிருவோம். அடுத்த தடவை வெளியூர் போனா ஒரு தாள்ல மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கங்க. பல் விளக்கப் போற எடத்துல போட்டுக்கங்க" என்றார்.

இவ்வளவுதான் அவர் சொன்னது. ஆனால் அதில் இரண்டு பாடம் இருந்தது. ஒன்று, விட்டவன் கெட்டவன் அல்ல, மறுபடி தொடங்கலாம். இரண்டு, மனஉறுதியை மட்டும் நம்பாதே, ஒரு ஏற்பாடு செய்துகொள்.

அன்று முதல் வீட்டில் தினசரி காலண்டருக்குக் கீழே மாத்திரை டப்பாவை வைத்தேன். மாத்திரையைப் போட்ட பிறகுதான் தாளைக் கிழிப்பேன். தாள் கிழியாமல் இருந்தால் மனைவி கேட்பார். 168 நாள் சிகிச்சையை 172 ஆம் நாள் முடித்தேன்.

சுயகட்டுப்பாடு தனி ஒருவரின் குணமா?

கல்வி உளவியல் படித்தபோது வால்டர் மிஷெலின் மிட்டாய்ச் சோதனையை நாம் எல்லாரும் படித்திருப்போம். ஒரு குழந்தையின் முன்னால் ஒரு மிட்டாய் இருக்கும். உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். இதைச் 'சுயகட்டுப்பாடு உள்ள குழந்தை, இல்லாத குழந்தை' என்று பிரித்துப் பார்க்கவே பலர் பயன்படுத்துகிறோம். ஆனால் மிஷெல் கண்டதில் நமக்கு அதிகம் பயன்படுவது வேறொன்று. மிட்டாயை மூடி வைத்தாலோ, குழந்தை வேறு ஏதாவது நினைத்துக்கொண்டு விளையாடினாலோ அதே குழந்தை அதிக நேரம் காத்திருந்தது. அதாவது குணம் மாறவில்லை, ஏற்பாடு மாறியது. என் காலண்டரும் அதே வகைதான்.

2013 இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் இதே சோதனையைச் சிறிது மாற்றிச் செய்தார்கள். மிட்டாய் வைப்பதற்கு முன், சில குழந்தைகளிடம் "நல்ல வண்ணப் பென்சில் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டு அப்படியே கொண்டுவந்தார்கள். வேறு சிலரிடம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். பிறகு மிட்டாய்ச் சோதனை. வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் காத்திருந்தது மூன்று நிமிடம்தான்.

28 குழந்தைகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும் ஆய்வு இது. நாளைக்கு நல்லது வரும் என்ற நம்பிக்கை இருப்பவனால்தான் இன்றைக்குப் பொறுக்க முடியும். அந்த நம்பிக்கை வானத்திலிருந்து வருவதில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மனிதர்களிடமிருந்து வருகிறது. வாழ்நாளெல்லாம் ஏமாற்றப்பட்ட ஒரு கூலித் தொழிலாளியிடம் போய், "ஆறு மாதம் பொறுத்தால் குணமாகிவிடும்" என்று சொன்னால் அவர் ஏன் நம்ப வேண்டும்? குறித்த நாளில் மருந்து கிடைத்து, சொன்ன நேரத்தில் ஆள் வந்து, சொன்ன தொகை வங்கிக்கு வந்தால்தான் நம்புவார்.

ஸ்னைடர் என்ற உளவியலாளர் நம்பிக்கையை இரண்டு பகுதியாகப் பிரித்தார். 'என்னால் முடியும்' என்ற உந்துதல் ஒன்று, 'இந்த வழியில் போகலாம்' என்ற தெளிவு இன்னொன்று. வழி காட்டாமல் உந்துதலை மட்டும் கொடுப்பதுதான் நம் ஊர் ஆறுதல் மொழிகளின் குறை.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளை நினைத்துப் பாருங்கள். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர் என்று மருத்துவத்தை நான்கு பகுதியாக வள்ளுவர் வகுக்கிறார். அந்த நான்காம் ஆளை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

வயிறும் வாழ்த்த வேண்டும்

அன்றைய சென்னை ஆய்வில் குறைந்த சாப்பாட்டிலும் நோயாளிகள் குணமானார்கள் என்றால், உணவு முக்கியமில்லை என்று பொருளாகாது. ஜார்க்கண்டில் நடந்து 2023 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், காசநோயாளியின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவுப் பொருள்கள் கொடுத்தபோது அவர்களிடையே புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பும் குறைவாக இருந்தது.

ஒன்றிய அரசு சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் வழங்கி வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2022 இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில்', நோய் கண்டறிந்தவுடனேயே எடை, உயரம், ஆக்சிஜன் அளவு, உதவியின்றி நிற்க முடிகிறதா என்பன போன்றவற்றைப் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். நான் பார்த்தவரை, மாதா மாதம் எடைக்கருவியில் ஏறி நின்று முள் நகர்வதைப் பார்ப்பதைவிடப் பெரிய நம்பிக்கை மருந்து இல்லை.

சுயகட்டுப்பாட்டின் இன்னொரு பகுதி விலக்க வேண்டியவற்றை விலக்குவது. இந்த மருந்துகள் கல்லீரலுக்கு வேலை வைப்பவை. மதுவும் சேர்ந்தால் மஞ்சள் காமாலை வரை போகலாம். பீடி, சிகரெட் நுரையீரலை ஆறவிடாது. நீரிழிவு இருந்தால் அதையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். கல்தூசியில் வேலை செய்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பள்ளிகளில் இருக்கும் நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கண் மஞ்சளானாலோ, நிற்காத வாந்தி வந்தாலோ தாமாக மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடாமல், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆசிரியர் செய்யக்கூடியவை

1. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல் இருந்தால், அது மாணவரானாலும் பெற்றோரானாலும் நாமே ஆனாலும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவோம். பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். என்னைப் போல் ஐந்து வாரம் இருமல் மருந்து குடிக்க வேண்டாம்.

2. ஒரு மாணவர் வீட்டில் காசநோய் என்று தெரிந்தால், அது நமக்குள் இருக்கட்டும். ஓய்வறைப் பேச்சாக மாறக்கூடாது. அந்த மாணவரைத் தனியே உட்கார வைப்பது, தட்டைப் பிரித்து வைப்பது எதுவும் தேவையில்லை. காசநோய் காற்றின் வழியாகப் பரவுவது, தட்டின் வழியாக அல்ல. சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பெரும்பாலோரிடம் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். எப்போது பள்ளிக்கு வரலாம் என்பதை மருத்துவர் சொல்வார்.

3. நோயாளியின் வீட்டில் உள்ள பிள்ளைகளுக்குப் பரிசோதனையும் தேவையானால் தடுப்பு மருந்தும் உண்டு. அதைப் பெற்றார்களா என்று கேட்போம்.

4. மாத்திரை சாப்பிடும் மாணவரிடம் "தைரியமா இரு" என்பதோடு நிறுத்தாமல், "எத்தனை மணிக்குச் சாப்பிடுறே? எங்க வச்சிருக்கே? ஊருக்குப் போனா என்ன செய்வே?" என்று கேட்போம். இந்த மூன்று கேள்விகளில் நம்பிக்கையும் இருக்கிறது, வழியும் இருக்கிறது.

5. விட்டுவிட்டேன் என்று சொல்ல வருபவரைத் திட்டாமல் இருப்போம். திட்டினால் அடுத்த முறை மறைப்பார். வீட்டுப்பாட விஷயத்திலும் இது பொருந்தும் என்பது இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில் நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது.

6. பெற்றோரைக் கண்காணிக்கும் வேலையைப் பிள்ளையின் தோளில் ஏற்றிவிடக் கூடாது. அதைச் செய்யச் சுகாதாரப் பணியாளர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்குத் தூக்கமும் படிப்பும் விளையாட்டும் தடைபடாமல் பார்ப்பது நம் வேலை.

காசநோய் பற்றிய சந்தேகங்களுக்கு 1800 11 6666 என்ற கட்டணமில்லா எண்ணும், மனச்சோர்வுக்கு 14416 என்ற எண்ணும் இருக்கின்றன. அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம்.

அந்த மாணவனின் அப்பா

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "வாங்க வாத்தியாரே, பையன் எதுவும் சேட்டை பண்ணிட்டானா?" என்றார். இல்லையென்று சொல்லி அருகில் உட்கார்ந்தேன். மருந்தைப் பற்றி நான் ஒன்றும் போதிக்கவில்லை. என் கல்யாண வீட்டுக் கதையைச் சொன்னேன். நான்கு நாள் சட்டைப் பையில் கூட வைக்காமல் இருந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வேலைக்குப் போற எடத்துல சோத்துச் சட்டியத் தனியா வைக்கச் சொன்னாய்ங்க வாத்தியாரே. அதான் மாத்திரைய விட்டா நோயும் போயிரும்னு..." என்று நிறுத்தினார்.

அவர் விட்டதும் மறந்துபோய் அல்ல.

மறுநாள் அவர் மருத்துவமனைக்குப் போனார். மறுபடி சளி எடுத்துப் பார்த்து, மருந்துக்குக் கிருமி அடங்குகிறதா என்றும் சோதித்து, மருத்துவர் சொன்னபடி புதிதாகத் தொடங்கினார்கள். இடையில் சில நாள் பின்வாங்கினார். அப்போதெல்லாம் சுகாதாரப் பணியாளர் போனார், ஒன்றிரண்டு முறை நானும் போனேன். அவர்கள் வீட்டிலும் இப்போது தினசரி காலண்டருக்குக் கீழே ஒரு டப்பா இருக்கிறது. தாளைக் கிழிப்பது அவருடைய மனைவி.

முழு ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் அந்த மாணவன் வந்து, "அப்பாவுக்கு முடிஞ்சிருச்சு சார்" என்றான். ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது. பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். மாத்திரை முடிந்துவிட்டது என்றுதான் சொல்லியிருக்கிறான்.

இந்த ஆண்டு அதே பாடத்தை நடத்தும்போது, "சரியாக மருந்து சாப்பிட்டால் குணமாகிவிடும்" என்று மட்டும் சொல்லி அடுத்த வரிக்குப் போகவில்லை. கடைசி மாத்திரை வரை சாப்பிட்டு, நான் குணமான கதையைச் சொன்னேன். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.